ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சை

அத்தியாயம் பதினொன்று

தாயம்மாள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் அது லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்கு மாதிரி. ஊதினால் ஊதியதுதான், திரும்ப உள்ளே போகாது.

மாசி மாதம் அல்வாலில் இருக்கும் உலகநாதன் வீட்டிலிருந்து நிச்சயத் தாம்பூலத் தட்டு திரும்பி வந்த அன்றைக்கும் அப்படி ஒரு சொல் வந்தது. "இனிமே உலகநாதன் வீட்டு வாசப்படியை மிதிக்கிற யாரும் என் வாசப்படியை மிதிக்க வேணாம்."

உலகநாதன் தப்பாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. "என் பொண்ணு கிரிஜா மிடில் பரீட்சை எழுதிடட்டும். முகூர்த்தத்தை ஆனிக்கு வச்சுக்கலாம்" என்றார். "என் மருமக அடுப்பு ஊதறதுக்கு எந்த சர்க்கார்ல பரீட்சை வைக்கிறாங்க?" என்று தாயம்மாள் கேட்டாள். அதோடு விட்டிருந்தால்கூடப் போயிருக்கும். "உங்க பொண்ணு மங்கையும் அதே பரீட்சைதானே எழுதப் போறா?" என்று அவர் பதிலுக்குக் கேட்டுவிட்டார். அந்தக் கேள்விக்குத் தாயம்மாளிடம் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில்தான் அவளுக்குக் கோபம் அதிகம் வரும்.

தட்டு திரும்பியது. மாப்பிள்ளையாக இருந்த தாயம்மாள் மகன் குணசேகரன் முகத்தில் சிரிப்பு போனது. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

இதெல்லாம் நடந்தபோது மங்கையர்க்கரசி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் எப்போதும் நிற்கும் இடம் அது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறந்தால் அவள் குரல் தொண்டையிலேயே தங்கிவிடும். பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டோடு இருந்து பரீட்சைக்குப் படிக்கிறதற்கும் அந்தக் குரல்தான் பாதிக் காரணம்.

இந்தச் சனிக்கிழமை காலையில் அவள் ஜியோமெட்ரி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு முக்கோணங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை முதல் பரீட்சை, கணக்கு. இன்னும் இரண்டு முழு நாள் இருக்கிறது என்று ஒரு தைரியம்.

அம்மா முழங்காலில் எண்ணெய் தேய்த்தபடி புலம்பிக்கொண்டிருந்தாள். "நேத்து அவ்வளவு தூரம் போனதுக்கு வீட்டுலயே கிடந்திருக்கலாம். சர்க்கார் தவாகானா வாசல்ல இத்தாம்பெரிய பூட்டு. வெள்ளிக்கிழமை மருந்து கிடையாதாம். வெள்ளிக்கிழமை எவனாவது லீவு விடுவானா?"

"நிஜாம் சர்க்கார் விடும்மா." குணசேகரன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சிரித்தான். "மூசி ஆத்துக்கு அந்தாண்டை வெள்ளிக்கிழமைதான் லீவு. ரயில்வேக்கும் கண்டோன்மென்டுக்கும்தான் ஞாயிறு. இத்தனை வருஷமா இருக்கே, இதுகூடத் தெரியாதா?"

"தெரியும்டா. கால்வலியில மறந்துட்டேன்."

மங்கை புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். சுவரில் அண்ணன் கையெழுத்தில் பரீட்சைத் தேதிகள் ஒட்டியிருந்தன.

சர்க்கார் கொடுத்த அட்டவணை உருதுவில் இருந்தது. தேதிகளும் நிஜாம் சர்க்காரின் தனிக் காலண்டர் தேதிகள்தான். குர்தாத் மாதத்தில் இன்ன தேதி, இன்ன பாடம் என்று இருந்ததே தவிர, கிழமை போடவில்லை. இந்த வரிசை வீடுகளில் உருது படிக்கத் தெரிந்தவன் குணசேகரன் ஒருவன்தான். ஒர்க்‌ஷாப் ஆட்களின் வருகையைக் குறிக்கும் டைம் ஆபீஸில் கிளார்க். "இது என்ன பிரமாதம்" என்று உட்கார்ந்து நம் தேதிக்கு மாற்றிக் கொடுத்தான். தொடர்ந்து ஐந்து நாள் பரீட்சை, நடுவில் ஒரு நாள் காலி, மறுபடி ஒரு நாள். காலி விட்டது லீவு நாள். லீவு என்றால் ஞாயிறு. அதிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு வந்தால் முதல் பரீட்சை செவ்வாய். அப்படித்தான் கணக்குப் போட்டான்.

"அண்ணா," என்றாள் மங்கை. "நம்ம பரீட்சையை யாரு நடத்தறாங்க?"

"சர்க்கார்தான். ஏன்?"

"அப்ப நடுவுல காலியா விட்டிருக்கிறது எந்தக் கிழமை?"

குணசேகரன் கை கடைசிப் பொத்தானில் நின்றுவிட்டது.

காலி விட்ட நாள் வெள்ளி என்றால், அதற்கு முந்தின ஐந்து நாள் ஞாயிறில் தொடங்கும். நாளைக்கு.

அந்த நேரம் பார்த்து ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியது. அவன் திடுக்கிட்டு செருப்பைத் தேடினான். "போடி, பொம்பளைப் பிள்ளைங்க பரீட்சையைப் போய் ஞாயித்துக்கிழமை வைப்பாங்களா? ஸ்டேஷன் மாஸ்டர் ரூம்ல சர்க்கார் தேதி, இங்கிலீஷ் தேதி ரெண்டும் போட்ட காலண்டர் தொங்குது. பாத்துட்டு வரேன்."

"அதை அன்னிக்கே பாத்திருக்கலாமே அண்ணா."

அவன் பதில் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். தெரிந்தவன் என்று பெயர் எடுத்தவன் அன்றைக்கு இன்னொருவனிடம் போய்க் கேட்டிருப்பானா?

மங்கை ஜியோமெட்ரியை மூடவில்லை. ஆனால் ஒரு கோடும் கண்ணில் ஏறவில்லை. தனக்கு இரண்டு நாள் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தத் தேதிகளை அண்ணன் இரண்டு பிரதி எழுதினான். ஒன்று இந்தச் சுவரில் இருக்கிறது. இன்னொன்று, உறவு நன்றாக இருந்த நாளில், வெற்றிலை பாக்கோடு அல்வாலுக்குப் போனது. கிரிஜா வீட்டுச் சுவரில் அது ஒட்டியிருக்கும். அவளும் செவ்வாய்க்கிழமை என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பாள்.

சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. மத்தியானம் குணசேகரன் வந்தான். கால் கழுவினான். தட்டில் போட்டதைச் சாப்பிட்டான். ரசத்துக்கு உப்பு இல்லை என்றுகூடச் சொல்லவில்லை.

"பாத்தியா அண்ணா?"

"பாத்தேன்." கையை உதறிக்கொண்டு எழுந்தான். "நாளைக்குத்தான்."

தாயம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி! பொண்ணு தலைக்கு ஊத்திக்கக்கூட நேரமில்லாம பண்ணிட்டியேடா! எழுந்திருடி மங்கை, போய்ப் படி. தண்ணியெல்லாம் நான் பிடிச்சுக்கிறேன்."

"அம்மா, கிரிஜாவுக்குச் சொல்லணும்."

தாயம்மாள் எடுத்த குடத்தைக் கீழே வைத்தாள்.

"அவங்களுக்கு நாம என்ன தண்டோராவா?" என்றாள் தாயம்மாள். "தட்டைத் திருப்பத் தெரிஞ்ச மனுஷனுக்குத் தேதி பாக்கத் தெரியாதா?"

"அண்ணன் எழுதிக் கொடுத்ததை நம்பியிருக்காங்கம்மா."

குணசேகரன் அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனான். குழாயடியில் நின்று, அம்மா காதில் விழாமல் பேசினான். "நக்கோ, வேணாம் மங்கை. விட்டுடு. இந்தக் கல்யாணத்துக்குக் குறுக்கே நின்னது என்ன? பரீட்சைதானே? அது தானா விலகுது. நாம ஒண்ணும் பண்ணலையே."

"நாம பண்ணலைதான். நீ எழுதிக் கொடுத்த தேதி பண்ணுது."

"ஒரு வருஷம்தானே? வேணும்னா அடுத்த வருஷம் எழுதிக்கட்டும். நானே எழுத வைக்கிறேன்."

"உன் பொண்டாட்டியா வந்தப்புறம், உன் தயவுலயா?"

இப்படி ஒரு சொல் தன் வாயிலிருந்து வரும் என்று மங்கையே எதிர்பார்க்கவில்லை. குணசேகரன் முகம் சுருங்கியது. குழாயை இறுக்கி மூடினான். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

அப்பா ஊரில் இருந்தால் அவரிடம் சொல்லியிருக்கலாம். வேதாசலம் எஞ்சின் டிரைவர். காஜிப்பேட்டைக்கு வண்டி எடுத்துப் போனவர் நாளை மாலைதான் திரும்புவார். அதற்குள் கணக்குப் பரீட்சை முடிந்துவிடும்.

மங்கை உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டாள். உண்டியலைக் கவிழ்த்தாள். டிக்கெட்டுக்குப் போதும். புத்தகத்தையும் எடுத்துக்கொண்டாள்.

தாயம்மாள் கதவை அடைத்துக்கொண்டு நின்றாள். "எங்கேடி?"

"அல்வாலுக்கு."

"நான் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா."

"சரி, போ. உன் ஹால் டிக்கெட் என் டிரங்குப் பெட்டியில இருக்கு." தாயம்மாள் இடுப்புச் சாவிக்கொத்தைத் தட்டிக் காட்டினாள். "அந்த வீட்டுக்குப் போயிட்டு வந்து என்கிட்ட சாவி கேக்காதே."

மங்கைக்கு அப்படியே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்றும் தெரிந்தது. அம்மாவின் கைக்கும் கதவுக்கும் இடையில் இருந்த கொஞ்சம் இடத்தில் தலையைக் குனிந்து நுழைந்து வெளியே போனாள். ஒல்லியாக இருப்பதில் இப்படி ஒரு சௌகரியம்.

சிகந்தராபாத் ஸ்டேஷனில், அல்வால் வழியாகப் போகும் பொலாரம் வண்டி புறப்படத் தயாராக நின்றது. ஜனானா பெட்டியில் கூடையும் குழந்தையுமாக ஏகப்பட்ட பெண்கள். எதிரே உட்கார்ந்திருந்த பர்தா அம்மாள், முகத்திரையை மேலே போட்டுக்கொண்டு வெற்றிலை மென்றபடி அவள் மடிப் புத்தகத்தையே பார்த்தாள்.

"க்யா பேட்டீ, இம்தஹானா?"

பரீட்சையா என்று கேட்கிறாள். "ஹவ்" என்று ஆமோதித்தாள் மங்கை.

"கப்?"

எப்போது என்று கேட்கிறாள். மங்கை புத்தகத்தை மூடிவிட்டு, "கல்" என்றாள். நாளைக்கு. அண்ணனிடம் அல்ல, அம்மாவிடம் அல்ல, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் அதைச் சொன்ன பிறகுதான் அது நிஜமாகப் பட்டது.

"கல் இம்தஹான், ஆஜ் ரயில்ல ஊர் சுத்தறே! கைக்கு? எதுக்கு?" என்று கேட்டு அந்த அம்மாள் பெட்டி அதிரச் சிரித்தாள். அப்புறம் மடியிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

உலகநாதன் பட்டாளத்து கோதாமில் ஸ்டோர்கீப்பர். ஒரு மூட்டை உப்பு வந்தாலும் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, பிறகே கையெழுத்துப் போடுவார். வீட்டு கேட்டில் மங்கையைப் பார்த்ததும் அவர் முகமும் அப்படித்தான் ஆனது.

"வாம்மா. வேதாசலம் சௌக்கியமா? யாரு அனுப்பினாங்க உன்னை?"

"யாரும் இல்லை மாமா. நானா வந்தேன்."

"தனியாவா?"

அவள் தலையாட்டினாள். சொல்ல வேண்டியதை ரயிலில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். இப்போது எல்லாம் சரிந்து விழுந்தது. "பரீட்சை நாளைக்கு மாமா" என்பது மட்டும் வந்தது.

"எந்தப் பரீட்சை?"

"கணக்கு. செவ்வாய் இல்லை. நாளைக்கே."

உலகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை."

மங்கை திக்கித் திணறி, சர்க்காருக்கு வெள்ளிக்கிழமை லீவு என்பதையும், காலி விட்ட நாளையும், அண்ணன் எண்ணியது தப்பானதையும் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார். "தாயி, நான் வெளிப்படையா கேக்கிறேன், கோவிச்சுக்காதே. தட்டைத் திருப்பினான் உலகநாதன், அவனை ஒரு ஞாயித்துக்கிழமை பட்டணத்துக்கு ஓட விட்டு, பூட்டின பள்ளிக்கூடத்து வாசல்ல நிக்க வச்சுச் சிரிக்கலாம்னு உங்க வீட்டுல யாராவது நினைச்சிருந்தா?"

மங்கைக்குக் கண் கலங்கியது. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் தெளிவாகவே இருந்தது. "நாளைக்குப் போய் கேட் பூட்டியிருந்தா உங்களுக்கு வண்டிக்கூலிதான் நஷ்டம் மாமா. செவ்வாய்க்கிழமை போய், ரெண்டு பரீட்சை முடிஞ்சிருந்தா, கிரிஜாவுக்கு ஒரு வருஷம் நஷ்டம். எது பெரிசுன்னு நீங்களே தூக்கிப் பாருங்க."

உள்ளேயிருந்து கிரிஜா வந்தாள். கையில் சரித்திரப் புத்தகம், விரல் பக்கத்துக்குள் இருந்தது. "அப்பா, அவ சொல்றது நிஜம்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"பொய் சொல்றதுக்கு வாய் வேணும்ப்பா. மங்கைக்கு உண்மையைச் சொல்றதுக்கே வாய் வராது. இவ்வளவு தூரம் வந்து இத்தனை பேசியிருக்கான்னா நிஜமாத்தான் இருக்கும்." பிறகு மங்கை பக்கம் திரும்பினாள். அவள் முகம் வெளிறியிருந்தது. "எனக்குக் கணக்கு அத்தனையும் மிச்சம் இருக்குடி. திங்கக்கிழமை உக்காந்து முடிச்சிடலாம்னு வச்சிருந்தேன்."

உலகநாதன் இன்னும் தலையாட்டவில்லை. "உன் அண்ணன் தப்பா எண்ணினான்னு சொல்றே. தப்பா எண்ணினானா, வேணும்னே தப்பா எழுதினானா? ரெண்டும் வேற வேற."

அதற்கு மங்கை வாய் திறக்குமுன் தெருவில் சைக்கிள் மணி அடித்தது.

குணசேகரன் இறங்கினான். தலை முதல் கால் வரை செம்மண் புழுதி. கேரியரில் சுருட்டிக் கட்டியிருந்ததை அவிழ்த்தான். ஸ்டேஷன் மாஸ்டர் அறைக் காலண்டர். கேட்டைத் திறக்காமல், வெளியே நின்றபடியே கம்பிக்கு மேலாக நீட்டினான்.

"உள்ளே வர மாட்டீங்களா மாப்..." என்று வாய் தவறப் போன உலகநாதன் நிறுத்திக்கொண்டு, "தம்பி?" என்றார்.

"அம்மா சொல் இருக்குது மாமா. வாசப்படி மிதிக்கலை." அவனுக்கு மூச்சு வாங்கியது. "ரெண்டு தேதியும் இதுல இருக்கு. நீங்களே பாத்துக்கங்க. நான் வேணும்னு எழுதலை. காலண்டரைப் பாத்திருக்கணும். எல்லாம் தெரியும்கிற நினைப்புல பாக்கலை."

உலகநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குர்தாத் மாதத்தில் விரலை வைத்தார். விரல் மெல்ல நகர்ந்து பக்கத்தில் இருந்த இங்கிலீஷ் தேதிக்குப் போய் நின்றது. நிமிர்ந்து மகள் பக்கம் திரும்பினார். "கிரிஜா, சரித்திரத்தை மூடி வை."

மங்கைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அண்ணனைப் பார்த்து லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தாள்.

கிரிஜா கேட்டருகே வந்தாள். நிச்சயம் பேசிய நாளிலிருந்து அவனிடம் அவள் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது அவன் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"ஒண்ணு கேக்கணும். நாளைக்குத்தான்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

குணசேகரன் சைக்கிள் மணியைப் பிடித்துக்கொண்டான். இப்பத்தான் பாத்தேன் என்று அவன் சொன்னால் போதும். மங்கை மறுக்கப் போவதில்லை. தட்டு மறுபடி புறப்பட்டுவிடும். சொல்லு அண்ணா, சொல்லிவிடேன் என்று ஒரு மனம் கெஞ்சியது. சொல்லாதே என்று இன்னொரு மனம் அதட்டியது.

"மத்தியானமே தெரியும்," என்றான் குணசேகரன்.

"இப்ப சாயங்காலம்."

"ஆமா."

"நடுவுல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க பரீட்சையை விட்டுட்டா நல்லதுன்னு நினைச்சேன். மங்கை கிளம்பிப் போனப்புறம் உக்காந்திருந்தேன். உக்காரவே முடியலை."

உலகநாதனின் கை காலண்டரை இறுகப் பிடித்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கிரிஜா முந்திக்கொண்டாள்.

"சரி. அரை நாளை எடுத்துக்கிட்டீங்க. மிச்ச அரை நாளைக் கொண்டுவந்து கொடுத்திருக்கீங்க. இதுக்கு என் பதில் என்னன்னு பரீட்சை முடிஞ்சப்புறம் சொல்றேன். இப்ப எனக்கு நேரமில்லை."

திரும்பி வீட்டுக்குள் போனாள். கதவருகே நின்று, "மங்கை, வாடி" என்றாள்.

குணசேகரன் தங்கையைப் பார்த்தான். "சாவி கேட்டேன் மங்கை. அம்மா கொடுக்கலை. உன் ஹால் டிக்கெட் பெட்டியிலதான் இருக்கு."

"நீ போய் அம்மாவோட இரு அண்ணா. கால்வலியில தண்ணி வேற தூக்கியிருப்பாங்க."

உலகநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "விடியறதுக்கு முன்னாடியே வண்டி பூட்டச் சொல்றேன். ரெண்டு பொண்ணையும் நானே அழைச்சுக்கிட்டுப் போறேன். லாலாகுடா வழியாத்தான் போவேன்." கொஞ்சம் நிறுத்தினார். "உங்கம்மாகிட்ட சொல்லு தம்பி. உலகநாதன் அவங்க வாசல்ல வந்து நிப்பான். படியை மிதிக்க மாட்டான். நிப்பான்."

குணசேகரன் சைக்கிளைத் திருப்பினான். இந்தத் தடவை மணி அடிக்கவில்லை.

உள்ளே கிரிஜா பாய் விரித்து, விளக்கைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே கணக்குப் புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். மங்கை பேரீச்சம்பழத்தைப் பிட்டுப் பாதியை அவளிடம் கொடுத்தாள்.

"உனக்கு எது வராது?" என்றாள் கிரிஜா.

"முக்கோணம். உனக்கு?"

"பின்னம். சுத்தமா வராது. நீ எனக்குப் பின்னம் சொல்லு, நான் உனக்கு முக்கோணம் சொல்றேன்." பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, நிமிராமல் கேட்டாள். "காலையில உங்கம்மா சாவி தரலைன்னா என்னடி பண்ணுவே?"

மங்கைக்கு அம்மாவின் இடுப்பில் அந்தக் கொத்து ஆடுவது கண்ணில் தெரிந்தது. பென்சிலை எடுத்துக் கூர் பார்த்தாள்.

"அதைக் காலையில பாத்துக்கலாம்," என்றாள். குரல் தொண்டையில் தங்காமல் நன்றாகவே வெளியே வந்தது. "முதல் பின்னத்தை எழுது."